வடகடலில் ஒரு வலது கால்

நார்வே நாட்டுக் கடற்கரையோரம் ஆறு கோடைக்காலம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் போதும், கேட்கிறவர்கள் மலையைப் பற்றிக் கேட்பார்கள், பனியைப் பற்றிக் கேட்பார்கள், ராத்திரியிலும் வெயில் அடிக்குமாமே என்று வாயைப் பிளப்பார்கள். எல்லாம் உண்டு. ஆனால் நான் அங்கே அதிகம் பார்த்தது கால்களைத்தான். பூட்ஸ் போட்ட கால், குதிகால் செருப்பு போட்ட கால், வீங்கின கால், நடுங்கின கால். கப்பலிலிருந்து பயணிகளைப் படகில் இறக்கிவிடுவது என் வேலை. அந்த வேலையில் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஆள் கடலுக்குள் இருப்பார்.

போன மாதம் கப்பல் வேலையில் இருக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் லீவில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தார்கள். பேச்சோடு பேச்சாக ஒருவர் சொன்னார்: "இப்பல்லாம் ஏணியே கிடையாதுங்க மாமா. கப்பல் பக்கவாட்டுல கதவு தொறக்குது. தண்ணி மட்டத்துக்குப் படகு வந்து ஒட்டிக்குது. வூட்டு வாசப்படி எறங்குற மாதிரி எறங்கிப் போய்க்கினே இருக்காங்க." நல்லது, ரொம்ப நல்லது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஏணி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் தனபாக்கியம் அம்மாள் விஷயமே நடந்திருக்காது. யார் அது, என்ன விஷயம் என்று பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்துக்காரன். பெயர் முனிரத்தினம். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. அப்பா பிறத்தியார் கழனியில் ஏர் ஓட்டினார். அம்மா ஆரணிக்கு நடந்து போய்ப் பட்டு நூல் இழைத்துவிட்டு வருவாள். எழுபதுகளில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவன், கப்பலை அண்ணாந்து பார்த்துப் பார்த்து ஒருநாள் கப்பலுக்குள்ளேயே போய்விட்டேன். துரு சுரண்டினேன், பெயின்ட் அடித்தேன், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன், கயிறு கட்டக் கற்றுக்கொண்டேன். எண்பதுகளில் ஒரு பம்பாய் ஏஜென்ட் பயணிகள் கப்பலுக்கு ஆள் வேண்டும் என்றார். வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

முதல் தடவை ஃபியோர்டுக்குள் போன காலையை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. கடல் மலைகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் மாதிரி நுழைந்து மைல் கணக்கில் உள்ளே போகும். அதற்குத்தான் ஃபியோர்டு என்று பெயர். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, உச்சியில் பனி, அதிலிருந்து அருவி விழுகிறது. ஒன்றா இரண்டா, திரும்பின பக்கமெல்லாம் அருவி! கப்பல் பாறையை ஒட்டி மெதுவாகப் போனபோது சாரல் என் மூஞ்சியில் அடித்தது. கேப்டன் சங்கு ஊதினார். மலை திருப்பி ஊதியது. நான் பெயின்ட் டப்பாவும் கையுமாக "ஓ!" என்று கூவிவிட்டேன்.

"டேய் ரத்தினம், கூவாதடா. பாசஞ்சருங்க பாக்குறாங்க," என்றார் காதர் பாய். சொல்லிவிட்டு அவர் என்னைவிடப் பெரிதாகக் கூவினார்.

காதர் பாய் ஆற்காட்டுக்காரர். படகு ஓட்டுவது அவர் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், வாய் மட்டும் இருபது வயது பெரியது. இருட்டவே இருட்டாத அந்த ஊரில் தூக்கம் வராமல் நாங்கள் ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டிவிட்டுப் படுப்போம். "அல்லா, இந்த சூரியனுக்கு வூடு வாசலே கெடையாதா, இன்னா பேஜாரு இது," என்று அவர் புலம்புவதைக் கேட்டுக்கொண்டேதான் கண் மூடுவேன்.

அந்தக் கடற்கரை நெடுகச் சின்னச் சின்னத் துறைகள். சிவப்புப் பெயின்ட் அடித்த மரவீடுகள், வெள்ளையாக ஒரு சர்ச், மீன் காயப்போட்ட பரண்கள், ஒரே ஒரு படகுத்துறை. எங்கள் கப்பல் பெரியது, அந்தத் துறைகளில் போய் ஒட்ட முடியாது. நடுவிலேயே நங்கூரம் போட்டுவிட்டு, கப்பல் பக்கவாட்டில் ஏணியை இறக்குவோம். ஏணியின் அடியில் ஒரு தட்டு, நாலு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். படகு அந்தத் தட்டை ஒட்டி வந்து நிற்கும். நிற்கும் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அலை ஏறும்போது தட்டுக்குச் சமமாக வரும், இறங்கும்போது இடுப்பு ஆழத்துக்குக் கீழே போய்விடும். ஏறி உச்சிக்கு வந்து, ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கும் பாருங்கள், அப்போதுதான் காலை வைக்க வேண்டும்.

தட்டில் ஒருவன், படகில் ஒருவன். உள்ளங்கையைப் பிடிக்கக்கூடாது, வழுக்கிவிடும். அவர்கள் மணிக்கட்டை நான் பிடிக்க வேண்டும், என் மணிக்கட்டை அவர்கள் பிடிக்க வேண்டும். ஏணி கப்பலின் பின்பக்கம் பார்த்துச் சரிந்து இறங்கும். கப்பலின் வலப்பக்கத்து ஏணியில் இறங்கினால் கடல் இடது கைப்பக்கம் இருக்கும். ஆகையால் படகுக்குள் முதலில் போவது இடது கால். இதை யாருக்கும் சொல்லித்தரவே வேண்டாம். யாராக இருந்தாலும் கடல் பக்கத்துக் கால் தானாகவே முன்னால் போய்விடும்.

இதற்கெல்லாம் அதிகாரி ஓலாவ் என்ற முதல் மேட். அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாளும் கத்த மாட்டார். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு ஏணியின் தலைமாட்டில் நிற்பார். போ என்பதற்கும் நில் என்பதற்கும் முகவாய்தான். அவர் கை பையை விட்டு வெளியே வந்தால் என்னமோ ஆகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். வயதான பயணிகளுக்காக ஒரு சின்ன மரப்படி வைத்திருப்பார். அதில் ஏறி இறங்கிக் காட்டினால்தான் படகுக்கு விடுவார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினால், மன்னிக்கவும், மேலே போய்க் காபி சாப்பிடுங்கள் என்பார். அப்புறம் கேப்டனே வந்து சொன்னாலும் நடக்காது.

ஒரு கோடையில் மேல்தளத்துக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஓர் அம்மாள் வந்தார்கள். தலையில் குரங்குக் குல்லா, காலில் காலுறைக்கு மேல் ரப்பர் செருப்பு, ஆண்பிள்ளை கோட்டு ஒன்று. கோட்டுக்குக் கீழே அரக்குக் கலரில் ஆரணிப் பட்டு! என் கண்ணையே நான் நம்பவில்லை.

"ஆரணிங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அய்ய! இன்னாப்பா இது! தமிழா பேசுற? நீ எந்த ஊரு?"

"ஆரணி பக்கந்தாங்க. போளூர் ரோட்டுல."

"ஏங்க! இங்க வாங்க! ஓடியாங்க! நம்ம ஊருப் புள்ள கப்பலத் தொடச்சிகினு நிக்குது!"

அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் ஜெர்மன்காரர் ஒருவர் காபியைக் கோட்டில் ஊற்றிக்கொண்டார். அவர்தான் தனபாக்கியம் அம்மாள். பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் ஏகாம்பரம், ஆரணியில் பட்டு ஜவுளிக் கடை. ஜவுளிக்காரர்கள் கூட்டாக ஐரோப்பா டூர் வந்தவர்களில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் இந்தக் கப்பலுக்கு வந்திருந்தார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரு வூட்டுப் புள்ள?" என்றார். அப்பா பெயரையும் ஊரையும் சொன்னேன். எந்தத் தெரு என்று அவருக்கு விளங்கிவிட்டது. "உம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அந்த "உம்"முக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உலகத்தின் உச்சிக்கே வந்தாலும் சில பேர் ஊரையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்த அம்மாள் விட்டால்தானே! என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்களுடைய ஒரே மகன் குமரேசன் என்ஜினியர் படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்தவன். ஒரு மீன்காரர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். அன்றைக்கு அப்பன் தலைமுழுகினதுதான், அதற்கப்புறம் பேச்சே இல்லை. பேத்தி பிறந்து நடக்கிறாள். அம்மாள் பார்த்தது ஒரு போட்டோ மட்டும். கப்பல் மறுநாள் நிற்கப்போகிற துறை, மகன் குடியிருக்கும் ஊர்.

"தங்கச்சி வூட்ல இருந்து கடுதாசி போட்டுட்டேம்பா. கரையில வந்து நிப்பான்."

"ஐயா வரலீங்களா?"

"அவரா? 'நீ போறதுன்னா போ, நான் கப்பல வுட்டு எறங்க மாட்டேன்'னுட்டாரு. எனக்கு எம்புள்ளயக் கண்ணால பாத்தாப் போதும். நீ கரை சேத்துடுவியா?"

"நானே கையப் பிடிச்சி எறக்கறேம்மா," என்று வாக்குக் கொடுத்தேன். வெளியாட்களைக் கப்பலில் ஏற்ற அனுமதி இல்லை. அந்த அம்மாள் இறங்கினால்தான் உண்டு.

மறுநாள் காலையில் நங்கூரம் போடும்போதே காற்று எழுந்துவிட்டது. இடப்பக்கம் அலை அடித்தது. அதனால் ஏணியை வலப்பக்கம் இறக்கினோம். தனபாக்கியம் அம்மாள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காது குத்துக்குப் போகிற மாதிரி வந்தார்கள். இடுப்பில் ஒரு துணிப்பை, பேத்திக்கு அதிரசம். ஓலாவின் மரப்படியில் ஏறி இறங்கினார்கள். ஆட்டமே இல்லை. பத்துப் படி இருந்தாலும் ஏறியிருப்பார்கள். ஓலாவ் முகவாயை ஆட்டினார்.

தட்டுக்கு வந்தார்கள். மணிக்கட்டைப் பிடித்தேன். கீழே படகில் காதர் பாய் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அலை ஏறியது, படகு உச்சிக்கு வந்தது. "இப்பம்மா!" என்றேன். இடது கால் பாதி தூரம் போனது. போன காலைப் பின்னுக்கு இழுத்து, வலது காலைத் தூக்கினார்கள்!

அதற்குள் படகு இறங்கிவிட்டது. அந்தக் கால் காற்றில் போனது. ஆள் அப்படியே கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் சரிந்தார்கள். நான் இரண்டு கையாலும் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். கண்ணாடி வளையல் என் கைக்குள் நொறுங்கியது. காதர் பாய் கப்பலை ஒரு காலால் உதைத்துப் படகைத் தள்ளிவிட்டு, "இழுடா! ஜல்தி, ஜல்தி!" என்று அலறினார். எப்படி இழுத்தேன் என்று கேட்காதீர்கள், அம்மாள் தட்டில் வந்து விழுந்தார்கள். ஒரு செருப்பு மட்டும் கடலோடு போயிற்று. மேலே பார்த்தேன், ஓலாவின் இரண்டு கையும் பைக்கு வெளியே இருந்தன.

மேலே கூட்டிவந்து உட்காரவைத்தோம். அம்மாளுக்கு அழுகை எல்லாம் வளையல் உடைந்துவிட்டதே என்றுதான்.

"ஏம்மா காலை மாத்துனீங்க? உயிரு போயிருக்குமே!"

"பின்ன? பேத்திய மொத மொத பாக்கப் போறேன். மருமவ மொகத்த மொத மொத பாக்கப் போறேன். எடது காலையா எடுத்து வெப்பாங்க? நீயே சொல்லு, உங்க வூட்ல அப்பிடித்தான் பண்ணுவாங்களா?"

எங்கள் வீட்டிலும் அப்படிப் பண்ண மாட்டார்கள்.

ஓலாவ் என்ன என்று கேட்டார். இங்கிலீஷில் சொன்னேன். அவர் மரப்படியைக் காட்டி, இடது காலால் ஏறிக் காட்டச் சொல் என்றார். அம்மாள் போய் வலது காலால் ஏறினார்கள். மறுபடியும் சொன்னார். மறுபடியும் வலது காலால் ஏறினார்கள்! ஓலாவ் என்னைப் பார்த்தார். "இந்த அம்மாவுக்குப் படகு இல்லை," என்றார். அவரைக் குற்றம் சொல்லவே மாட்டேன். அலை வளர்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் படகையே நிறுத்தவேண்டிய காற்று.

கம்பிக்கு அந்தப் பக்கம் படகுத்துறை நன்றாகத் தெரிந்தது. ஒரு மனிதன், ஒரு பெண், அவள் தோளில் சிவப்புக் குல்லாயோடு ஒரு குழந்தை. அந்த மனிதன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தான். அம்மாள் பார்த்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சற்றுத் தள்ளி ஏகாம்பரமும் அதே பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"எடது காலத்தான் வெச்சிடுங்களேம்மா, சாமி ஒண்ணும் கோச்சிக்காது," என்று கெஞ்சினேன்.

"வெக்கறேன்னு நான் சொல்லிடுவேம்பா. அந்த நேரத்துல கால் கேக்காது. அறுவது வருசமா பழகின காலு."

அது நியாயமாகப் பட்டது. கால் மாறாது என்றால் வேறு எதையாவது மாற்ற வேண்டும். ஏணியை மறுபக்கம் மாற்ற முடியாது, அங்கே அலை. படகைத் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை. அம்மாளைத் திருப்பினால்? தட்டுக்கு வந்ததும் வந்த ஏணியைப் பார்த்தபடி திரும்பி நின்றால், கடல் வலது கைப்பக்கம் வந்துவிடும். வலது கால் தானாக முன்னால் போகும்! ஓடிப்போய் ஓலாவிடம் சொன்னேன்.

"தட்டில் யாரும் திரும்பக்கூடாது," என்றார். அது அவருடைய சட்டம். திரும்புகிறவன்தான் விழுவான் என்பார்.

"நான் கட்டிப் பிடித்துக்கொண்டு திருப்புகிறேன். அவசரம் இல்லாமல், அலை இறங்கியிருக்கும்போது."

அவர் ஏணியில் தானே இறங்கினார். தட்டில் போய்த் திரும்பி நின்று, வலது காலைப் படகில் வைத்தார். மறுபடி ஏறினார். மறுபடி வைத்தார். கீழே இருந்த காதர் பாய் என்னைப் பார்த்து, "டேய், மேட்டு இன்னாடா வெள்ளாடிகினு கீறாரு?" என்றார். ஓலாவ் நிமிர்ந்து பார்த்தார். மேலே வரவில்லை. தட்டிலேயே, என் இடத்தில், கையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். என்னைப் படகில் போய் நிற்கும்படி முகவாயால் காட்டினார்.

தனபாக்கியம் அம்மாள் இறங்கி வந்தார்கள், இந்தத் தடவை வெறும் காலோடு. ஓலாவ் அவர்கள் தோளைப் பிடித்து, குழந்தையைத் திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருப்பினார். நான் கீழேயிருந்து கையைக் கொடுத்தேன். படகு ஏறுகிறது, ஏறுகிறது, "இப்பம்மா!" வலது கால் வந்தது. பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்! மேலே கம்பியோரம் நின்ற பயணிகள் எல்லாரும் கை தட்டினார்கள். காதர் பாய் என் முதுகில் ஒரு அறை விட்டார், இன்றைக்கும் எரிகிறது.

துறைக்குப் போகிற வரையில் அம்மாள் ஒரு கையால் என்னையும் ஒரு கையால் அதிரசப் பையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படகு ஒட்டுவதற்கு முன்பே குமரேசன் முட்டி அளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். "எம்மா!" என்று கத்தினான் பாருங்கள், அத்தனை வருஷம் வேற்று மொழி பேசின வாயிலிருந்து ஆரணி அப்படியே வந்தது. மருமகள் உயரம் என்றால் அப்படி ஓர் உயரம். குனிந்து, வெறும் காலோடு நின்ற மாமியாருக்குத் தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி மாட்டிவிட்டாள். குழந்தை பாட்டி மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அங்கே எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது, எனக்கும் காதர் பாய்க்கும்கூட.

கப்பலிலிருந்து சங்கு ஊதினார்கள். காற்று பலத்துவிட்டது, கரைக்குப் போனவர்களைத் திரும்ப ஏற்றச் சொல்லி அழைப்பு. அம்மாளிடம் போய்ச் சொன்னேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

"கப்பல் திரும்பி வரும்போது இங்கதான நிக்கும்?"

"நிக்கும்மா. வடக்கு முனை வரிக்கும் போயிட்டு இப்பிடித்தான் வரும்."

"அப்ப ஏறிக்கறேன். அதுவரிக்கும் நான் இங்கியே இருக்கறேன். அவருகிட்ட என் சூட்கேஸ மட்டும் குடுத்து அனுப்பச் சொல்லு. கத்துனா, கத்தட்டும்."

முதல் நடைப் பயணிகளோடு கப்பலுக்குத் திரும்பினோம். ஓலாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். மிச்சம் இருப்பவர்களை ஏற்ற இன்னும் ஒரே நடைதான், படகு உடனே புறப்படும், ஒரு நிமிஷம்கூட நிற்காது என்றார்.

ஏகாம்பரம் கம்பியோரம் அதே இடத்தில் நின்றிருந்தார். நல்ல சண்டை ஒன்றுக்கு மனசைத் தயார் செய்துகொண்டுதான் போனேன்.

"அம்மா அங்கியே இருக்கறேன்னாங்க. கப்பல் திரும்பி வரும்போது ஏறிக்கறாங்களாம். அவங்க சூட்கேஸ மட்டும் அனுப்பச் சொன்னாங்க. படகு இப்ப கெளம்புதுங்க, ஜல்தியா எடுத்துக் குடுத்தீங்கன்னா..."

அவர் கத்தவில்லை. துறையை ஒரு தடவை பார்த்தார். விடுவிடுவென்று உள்ளே போனார். துணிமணியெல்லாம் அடுக்கி எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகுமோ, படகு போய்விடப் போகிறதே என்று நான் ஓலாவிடம் கெஞ்சத் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் பின்னால் தடதடவென்று சத்தம். ஏகாம்பரம் மூச்சு வாங்க நிற்கிறார். ஒரு கையில் அம்மாள் சூட்கேஸ், மறுகையில் அவருடையது. இரண்டும் பூட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டியிருந்தது. அந்த மாதிரிக் கட்ட நிதானமாக உட்கார்ந்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு கட்ட வேண்டும். கயிறு கட்டிப் பிழைத்தவன் நான், எனக்குத் தெரியாதா?

நான் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னாப்பா பாத்துகினு நிக்குற?" என்றார். "கையக் குடு, படகு போயிடப் போவுது."